பிரானேசியின் சிறைகள்: ஒரே படம் இரண்டு விதமாக இருப்பது ஏன்?

கோமதி: மகள் கட்டடக்கலை படிக்கிறாள். அவளோடு உட்கார்ந்து, பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஜொவான்னி பத்திஸ்தா பிரானேசி செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட ‘கற்பனைச் சிறைகள்’ வரிசையைப் பார்த்தேன். தூக்குப்பாலம் வருகிற ஏழாவது படம் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று பேனாவால் அவசரமாகக் கிறுக்கியது மாதிரி வெளிறி இருக்கிறது. இன்னொன்றில் ஒரே இருட்டு, உத்தரமும் கயிறுமாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. எது அசல்? மற்றது யாரோ பார்த்து வரைந்ததா?

அச்சுக்காரன்: இரண்டுமே அவர் கைவேலைதாங்க, அதுவும் ஒரே செப்புத் தகடு. 1750 வாக்கில் ரோமில் 14 படங்களாக முதலில் வந்தது. 1761-ல் அதே தகடுகளில் மறுபடி வேலை செய்து, புதிதாக இரண்டு சேர்த்து 16 ஆக்கினார்.

நான் எட்சிங், அதாவது அமிலத்தால் தகட்டை அரித்துப் படம் அச்சிடுகிற வேலை, செய்கிறவன். அந்தக் கருப்பு, மையைக் கூடுதலாகப் பூசி வந்ததில்லை. தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இறக்குவோம். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். வெளிர் கோடு போதும் என்கிற இடத்தை வார்னிஷால் மூடிவிட்டுத் திரும்ப இறக்கினால், மற்ற கோடுகள் இன்னும் ஆழமாகும். ஆழம் கூடினால் கோட்டுக்குள் தங்கும் மை கூடும், தாளில் கருப்பாக விழும். செம்பில் கோடு சேர்ப்பது சுலபம். அழிப்பதுதான் பெரும்பாடு: சுரண்டி, தேய்த்து, பின்பக்கம் தட்டிச் சமப்படுத்த வேண்டும். பழைய கோடுகள் பெரும்பாலும் உள்ளேயே இருக்க, அவற்றின் மேல் உத்தரமும் சங்கிலியும் படிகளும் ஏறியிருப்பதை நீங்களே பார்க்கலாம். எனக்கு இரண்டாவதுதான் உயிர். பத்து வருஷம் கழித்துத் தன் பழைய தகட்டைக் கையில் எடுக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

திண்ணை: எனக்கு முதல் பதிப்புதான். வெனிஸ் பக்கத்துக்காரர் இல்லையா, நாடக மேடைக்குத் திரை வரைகிறவர்களின் மூலைவாட்டுப் பார்வை (கட்டடத்தை நேராக இல்லாமல் மூலையிலிருந்து சாய்வாகக் காட்டுவது) அதில் தெளிவாகத் தெரிகிறது. இருட்டு ஏறியதும் அந்தக் காற்றோட்டம் போய்விட்டது. உங்கள் மகளுக்கு ஒரு தகவல்: இவ்வளவு கற்பனை செய்தவர் கட்டடமாக எழுப்பியது ரோமில் சாந்தா மரியா தெல் பிரியோராத்தோ தேவாலயம் ஒன்றைத்தான். 1778-ல் இறந்தவரை அங்கேயே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

கோமதி: இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஒரு பிரதி வாங்கலாமா?

அச்சுக்காரன்: எந்தக் காலத்து அச்சு என்று கேட்காமல் வாங்காதீர்கள். அவர் இறந்த பிறகும் தகடுகளிலிருந்து அச்செடுத்தார்கள். செம்பு தேயத் தேய மெல்லிய கோடுகள்தான் முதலில் போகும். மகளிடம் பதினான்காம் படத்துக்குத் தரைப்படம் (மேலிருந்து பார்க்கிற கட்டட வரைபடம்) போடச் சொல்லுங்கள். முன்சுவரும் பின்சுவரும் ஓரிடத்தில் ஒரே தளத்துக்கு வந்துவிடும், நடுவில் ஏறுகிற படிக்கட்டுக்கு இடமே இருக்காது.