புது ஃபிளாட் பார்க்கப் போனீர்களா? அங்கே யாரிடம் பேசினீர்கள்? (ஓஎம்ஆர், ஜிஎஸ்டி ரோடு, போரூர் பக்கம்) – இணையக் குழுவில் ஒரு கேள்வியும் பதில்களும்; ஒவ்வொன்றுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்

நாவலூர் வாடகை

ஓஎம்ஆரில் வாடகைக்கு இருக்கிறோம். சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று தாழம்பூர், படூர், புதுப்பாக்கம் பக்கம் சனி ஞாயிறுகளில் சுற்றிக்கொண்டிருக்கிறோம். மாதவரம் – சிறுசேரி சிப்காட் மெட்ரோ வழித்தடத்துக்குத் தூண் எழும்ப எழும்ப விளம்பரப் பலகைகளும் எழும்புகின்றன. எல்லாப் பலகையிலும் 'மெட்ரோவிலிருந்து 5 நிமிடம்'தான். எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்று மட்டும் எவரும் போடுவதில்லை.

போன வாரம் ஒரு மாடல் ஃபிளாட் பார்த்தோம். எந்த அறைக்கும் கதவு இல்லை, வெறும் நிலைதான். கட்டில் போட்டும் சுற்றி நடக்கத் தாராளமாக இடம் இருந்தது. என் வீட்டுக்காரர் ஆறடி ஆள். சும்மா படுத்துப் பார்த்தார். கால் இரண்டும் கட்டிலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. டேப் வைத்து அளந்தால் கட்டிலே ஐந்தரை அடி. சேல்ஸ் பையன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அது டிஸ்ப்ளே பெட் சார். இன்னிக்கு டோக்கன் போட்டீங்கன்னா இந்த ரேட், அடுத்த வாரம் சதுர அடிக்கு இருநூறு ஏறிடும்" என்றான்.

சேல்ஸ் ஆபீசில் சொல்வது இப்போது எங்களுக்கே மனப்பாடம். அதைத் தாண்டி நீங்கள் யாரிடம் பேசினீர்கள், என்ன தெரியவந்தது? அதைச் சொல்லுங்கள்.

சைட் இன்ஜினியர்

கதவைக் கழற்றி வைப்பது, சின்னக் கட்டில் போடுவது எல்லாம் பழைய வித்தை. ஒப்பந்தத்தில் கார்பெட் ஏரியா எவ்வளவு என்று பாருங்கள், அதுதான் உங்கள் வீடு. வெளிச்சுவர், பால்கனி, பைப் போகிற டக்ட் எல்லாம் அதில் சேராது. உள்தடுப்புச் சுவர் சேரும். சுவர், படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடங்களில் உங்கள் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் 1,200 சதுர அடி என்று பேசினால் கார்பெட் பெரும்பாலும் 800, 850 தேறும். ரேரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (2016) வந்த பிறகு கார்பெட் அளவைச் சொல்லித்தான் விற்க வேண்டும். இருந்தும் விலை பேசும்போது நாக்கில் வருவது பழைய கணக்குதான்.

நான் மறக்காத ஆள் ஒருவர் உண்டு. சிறுசேரி பக்கம் ஒரு சைட்டில் இருந்தேன். ஹேண்ட்ஓவருக்கு முன்னால் வீட்டைப் பார்க்க ஓர் ஐடி பையன் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் மஞ்சப்பை. அதற்குள் ரசமட்டம், தூக்குக்குண்டு, ஒரு கோலிக்குண்டு, சாக்பீஸ்.

ஹாலை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே பாத்ரூமுக்குப் போனார். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு வாசல் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பாதித் தண்ணீர் வடிகாலுக்குப் போனது. மீதி கமோடுக்குப் பின்னால் தேங்கியது. கொஞ்சம் மெதுவாக அவர் கால் பக்கமே வந்தது. "வாட்டம் எடுக்கல தம்பி" என்றார், அவ்வளவுதான். அடுத்தது பால்கனி. கோலியைத் தரையில் வைத்தார்; அது நிதானமாக உருண்டு ஹாலுக்குள் வந்தது. மகனைப் பார்த்து, "ஐப்பசில இந்த வழியாத்தான் மழை வரும், வரவேற்கத் தயாரா இரு" என்றார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டினார். பொள்ளல் சத்தம் கேட்ட இடத்தில் எல்லாம் சாக்பீஸில் வட்டம். டைல்ஸ் போடுகிற ஜார்க்கண்ட் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான். இவருக்கு இந்தி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. இவர் தட்டுவார், அவன் தலையாட்டுவான். நாலைந்து வட்டம் விழுந்த பிறகு அவனே போய் உளியை எடுத்து வந்துவிட்டான். எங்கள் கம்பெனி செக்லிஸ்ட்டில் அந்த வீட்டுக்கு 'தரை ஓகே, வாட்டம் ஓகே' என்று டிக் விழுந்திருந்தது. டிக் போட்டவர் அந்த மாடிக்கு ஏறியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

சாவி வாங்கிய பிறகு கண்டுபிடித்தாலும் விட்டுவிடாதீர்கள். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை, வேலைத் தரக் குறை என்று எழுதிக் கொடுத்தால் 30 நாளில் இலவசமாகச் சரி செய்து தர வேண்டும், ரேராவின் 14ஆவது பிரிவு அது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நிறுத்தாமல் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

முடிச்சூர் மேடு

நான் பேசியது இஸ்திரிக்காரரிடம்.

வரதராஜபுரம் பக்கம் ஒரு புது ப்ராஜெக்ட். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் அந்தப் பக்கத்தை என்ன செய்தது என்று எங்களுக்குத் தெரியும், நாங்களே மொட்டை மாடியில் இருந்தவர்கள். ஆனால் அங்கே இருந்த மேனேஜர், "இப்ப கட் அண்ட் கவர் கால்வாய் போட்டாச்சு மேடம், தண்ணி நிக்கிற பேச்சே இல்ல" என்றார். வெளியே வந்தால் மரத்தடியில் ஒருவர் தள்ளுவண்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். "இங்க தண்ணி நிக்குமா?" என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். அதனால், "மழைக்கு வண்டியை எங்கண்ணே தள்ளிட்டுப் போவீங்க?" என்று கேட்டேன். "அதோ, அந்தப் பிள்ளையார் கோயில் மேட்டுக்கு. கார்த்திகை முடியற வரைக்கும் அங்கதாம்மா" என்றார்.

ப்ராஜெக்ட் மனையை ஐந்தடி மண் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வராது, ஒப்புக்கொள்கிறேன். எதிர்த் தெருவுக்குள் போகும். நீங்கள் இரண்டாவது மாடியில் பத்திரமாக இருப்பீர்கள், பால் வாங்க இறங்க முடியாது.

இன்னொன்று. அரசின் இணையச் சேவையில் சர்வே எண்ணைப் போட்டால் அ-பதிவேடும் (நிலம் என்ன வகை என்ற பதிவு) புலப்படமும் (நில அளவை வரைபடம்) பார்க்கலாம். உங்கள் மனை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். நாங்கள் பார்த்த மனை சுத்தமான பட்டா நிலம். அடுத்த எண் வாய்க்கால் புறம்போக்கு. படத்தில் வாய்க்கால் இருந்தது, தரையில் அந்த இடத்தில் ஜல்லி லாரி நின்றது.

குரோம்பேட்டை ராஜா

இஸ்திரிக்காரர் பேச்சு, டீக்கடைப் பேச்சு எல்லாம் கேட்டால் இந்த ஊரில் யாரும் வீடு வாங்க முடியாது. வேளச்சேரியும் ஒரு காலத்தில் ஏரியும் வயலும்தான். இன்றைக்கு அங்கே சதுர அடி என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள்.

முடிச்சூர் மேடு

விலை ஏறியது உண்மை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு அதே வேளச்சேரித் தெருக்களில் படகு போனதும் உண்மை. கட்டடத்துக்கு வெட்டிய பள்ளத்தில் மண் சரிந்து இரண்டு பேர் செத்ததும் அதே வேளச்சேரியில்தான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022இல் ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அந்தஸ்து, கிடைத்தது. அதன் பெயரைச் சொல்லியே 'லேக் வியூ' என்று விற்கிறார்கள். வியூ நம்மைத் தேடி வீட்டுக்கே வந்துவிடக்கூடாது என்பதுதான் என் கவலை ராஜா சார்.

காரப்பாக்கம் செக்ரட்டரி

எங்கள் அசோசியேஷனில் மூன்று வருடம் தண்ணீர்ப் பொறுப்பு என்னிடம் இருந்தது, அதனால் சொல்கிறேன். வீடு பார்க்கப் போகிறீர்களா? காலை ஆறு மணிக்குப் போய் லாரி டிரைவரிடம் பேசுங்கள். 12,000 லிட்டர், 24,000 லிட்டர் லாரிகள் வரிசையாக நிற்கும். எங்களுக்கு ஓட்டுகிற ஒருவர் பக்கத்து மூன்று அபார்ட்மென்ட்டுக்கும் ஓட்டுகிறார். எந்த வளாகத்தில் போர்வெல் தண்ணீர் உப்பு, எங்கே சம்ப் கசிகிறது, எந்த பில்டர் தண்ணீர்ப் பாக்கியை வைத்துவிட்டு அசோசியேஷன் தலையில் கட்டினார் எல்லாம் அவருக்கு அத்துப்படி. "அந்த புது டவர்ல பாதி வீட்டுக்குத்தான் ஆள் வந்திருக்கு, அதுக்கே இவ்வளவு லோடு. முழுசா வந்தா எங்ககிட்ட வண்டி இல்ல சார்" என்றார். இதை எந்த பிரோஷரில் படிப்பீர்கள்?

2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். அப்போது எங்கள் வீட்டு மெயின்டனன்ஸில் பெரும்பங்கு லாரிக்கே போனது. அதற்குப் பிறகு நெம்மேலியில் இரண்டாவது கடல்நீர் ஆலை வந்திருக்கிறது. அந்த நீர் உங்கள் தெருக் குழாய்க்கு வந்துவிட்டதா, இல்லை 'வரும்' என்ற பேச்சா என்பதைப் பக்கத்து வளாகத்துக்காரரிடம் கேளுங்கள்.

போரூர்க்காரன்

2014 ஜூன் 28, மௌலிவாக்கம். சனிக்கிழமை சாயங்காலம் மழை பெய்துகொண்டிருந்தது. கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டின் பிற ஊர்களிலிருந்தும் வந்த கூலித் தொழிலாளிகள். பக்கத்திலேயே நின்ற இன்னொரு டவரை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நான் அந்தப் பகுதி ஆள்.

அன்றிலிருந்து எந்த சைட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி மண் பரிசோதனை அறிக்கை. பலர் "ஆபீஸ்ல இருக்கு", "அதெல்லாம் சிஎம்டிஏ பாத்தாச்சு சார்" என்று நழுவுவார்கள் (சிஎம்டிஏ என்பது கட்டட அனுமதி தரும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்). குன்றத்தூர் பக்கம் ஒரு சின்ன பில்டரின் இன்ஜினியர், சின்ன வயசுப் பெண், கேட்ட உடனே ஃபைலை எடுத்து மேசையில் விரித்தது. எத்தனை இடத்தில் துளை போட்டார்கள், எத்தனை அடி களிமண், ஏன் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூண்) போட்டார்கள் என்று பொறுமையாகச் சொன்னது. எனக்கு முக்கால்வாசி புரியவில்லை. ஆனால் மறைக்க ஒன்றும் இல்லாதவர் எப்படிப் பேசுவார் என்று புரிந்தது. அங்கேதான் வாங்கினேன். லிஃப்ட் மட்டும் அடிக்கடி மக்கர் பண்ணும், மற்றபடி குறை இல்லை.

பத்திரம் பார்க்கிறவன்

யுடிஎஸ், அதாவது மொத்த நிலத்தில் உங்கள் வீட்டுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, பற்றி யாரும் பேசவில்லையே? எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது, பதிவு அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பத்திர எழுத்தர்.

பில்டர் கொடுத்த டிராஃப்ட்டை எழுத்துப் பிழை பார்க்கத்தான் அவரிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "மொத்த இடம் எவ்வளவு போட்ருக்கான்?" என்றார். 20 கிரவுண்டு, 48,000 சதுர அடி. "எத்தனை வீடு?" 96. "உங்க பங்கு?" 500. எழுதிக்கொண்டிருந்த தாளின் ஓரத்திலேயே பெருக்கினார். "சராசரி ஐந்நூறுன்னா 96 வீட்டுக்கு நாப்பத்தெட்டாயிரம் சரியா வருது. ஆனா மூணாம் பக்கத்துல ரோட்டுக்கு ஐயாயிரம் சதுர அடி தானப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டேன்னு அவனே சொல்றானே. குடுத்த இடத்துல உங்களுக்கு எப்படிப் பங்கு?" என்றார்.

43,000ஐ 96ஆல் வகுத்தால் 448தான் வருகிறது. வீட்டுக்கு 52 சதுர அடி காற்றில். பில்டர் ஆபீசில் கேட்டதும் "டைப்பிங் மிஸ்டேக்" என்றார்கள். திருத்திய டிராஃப்ட் மறுநாளே வந்தது, விலையும் கொஞ்சம் இறங்கியது. எங்களுக்கு முன்னால் பதிவு செய்தவர்களுக்குத் திருத்தல் பத்திரம் போட வேண்டியிருந்தது.

பெரிய திட்டங்களில் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேல் இடம் என்றால் 10 சதவீதத்தை ஓஎஸ்ஆர், அதாவது திறந்தவெளி என்று உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவும் போக மீதிதான் உங்கள் எல்லோருக்கும். அப்புறம், 2023 டிசம்பரிலிருந்து நிலப் பங்குக்கு ஒரு பத்திரம், கட்டுமானத்துக்கு ஓர் ஒப்பந்தம் என்ற பழைய முறை மாறி, புது ஃபிளாட்டை வீட்டோடு சேர்த்து ஒரே கிரயமாகப் பதிவு செய்கிறார்கள். வீட்டின் மதிப்புக்கும் சேர்த்து முத்திரைத் தீர்வை கட்ட வேண்டியிருப்பதால் பட்ஜெட்டில் தனியாக எடுத்து வையுங்கள்.

எழும்பூர் அலைச்சல்

எங்களுடையது தாமதக் கதை. பில்டர் பெயர் வேண்டாம், விவகாரம் இன்னும் முடியவில்லை. சொன்ன தேதி தாண்டியும் வீடு வரவில்லை. தனித்தனியாகப் போன் போட்டபோது ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம்: ஒருவருக்கு எம்-சாண்ட் லாரி ஸ்டிரைக், ஒருவருக்கு வட இந்தியத் தொழிலாளிகள் ஹோலிக்குப் போய்விட்டார்கள், எனக்கு மழை. எல்லோரும் ஒரு நாள் சைட் வாசலில் தற்செயலாகச் சந்தித்துக் கதைகளை ஒப்பிட்டோம். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் எங்கள் குழு.

எழும்பூரில் ரேரா ஆணையத்தில் புகார் கொடுத்தோம். தாமதத்துக்கு வட்டி கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கைக்குப் பணம் வருவது வேறு கதை. வசூலுக்கு வருவாய்த் துறை வழியாகப் போக வேண்டியிருக்கிறது. புதிதாக வாங்குபவர்களுக்கு ஒன்று: ஒப்பந்தம் பதிவு ஆவதற்கு முன் 10 சதவீதத்துக்கு மேல் கேட்க பில்டருக்கு உரிமை இல்லை. எங்களில் பாதிப் பேரிடம் 30 வரை வாங்கியிருந்தார்கள்.

நாவலூர் வாடகை

நன்றி. ஒரு சந்தேகம். கட்டி முடித்து நிறைவுச் சான்று வந்த வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை என்கிறார்கள். நாங்கள் பார்க்கும் டவர் இன்னும் நான்கைந்து மாதத்தில் முடியுமாம். இப்போது டோக்கன் மட்டும் கொடுத்துவிட்டு மீதியைச் சான்று வந்த பிறகு கொடுத்தால் 5 சதவீதம் மிச்சமாகுமா? சேல்ஸ் பையன் "அப்படியே பண்ணிக்கலாம் மேடம்" என்கிறான்.

பத்திரம் பார்க்கிறவன்

ஆகாது. முழுத் தொகையும் சான்று வந்த பிறகு கைமாறினால்தான் விலக்கு. முன்னால் ஒரு பகுதியை வாங்கிவிட்டால் முழு விலைக்கும் வரி விழும். சேல்ஸ் பையன் சொன்னதை மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள், தரமாட்டான். அந்த வீடுதான் வேண்டும் என்றால் சான்று வரும்வரை காசு கொடுக்காமல் இருங்கள். நிறைவுச் சான்று எண்ணை வாங்கி சிஎம்டிஏவில் சரிபார்த்துவிட்டு அப்புறம் பேச்சை ஆரம்பியுங்கள். அதற்குள் சதுர அடிக்கு இருநூறு ஏறினால்கூட 5 சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சதுர அடி 6,000 ரூபாய் வீட்டில் அந்த 5 சதவீதம் முந்நூறு.