எச்.எல்.ஏ. பி27 இன்னும் ஏன் நம்மிடம் இருக்கிறது?

மாறன்: ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைடிஸ், அதாவது முதுகெலும்பு இறுகிப்போகும் நோய், வந்தவர்களில் பெரும்பாலோரிடம் எச்.எல்.ஏ. பி27 இருக்கிறது, நோய் எதிர்ப்புக்கான எச்.எல்.ஏ. மரபணுக்களில் ஒரு வகை அது. கெடுதல் செய்கிற இது ஏன் அழியவில்லை என்று கேட்டால் உடனே 'ஏதோ நன்மை இருக்கும்' என்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. அந்த நோய் பிள்ளை பெறுவதைத் தடுப்பதில்லை, அதனால் தற்செயலாகத் தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

கயல்: தற்செயல் என்றால் மாற்றங்கள் மரபணு முழுக்கச் சிதறிக் கிடக்க வேண்டுமே. எச்.எல்.ஏ. புரதத்தில், கிருமியின் துண்டைப் பிடித்து, நோயை எதிர்க்கும் வெள்ளணுவான டி செல்லுக்குக் காட்டுகிற பள்ளத்தில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு குவிகிறது. அங்கே புரதத்தின் கட்டுமானத் துண்டான அமினோ அமிலத்தை மாற்றும் திரிபுகளே தூக்கலாக இருப்பதை, அதாவது இயற்கைத் தேர்வு அங்கே வேலை செய்திருப்பதை, பரிணாம ஆய்வாளர்கள் ஆஸ்டின் ஹியூஸும் மசாதோஷி நேயும் 1988-இலேயே காட்டிவிட்டார்கள். பி27-ஐயே பாருங்கள், துண்டின் இரண்டாவது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருந்தால்தான் அதன் பிடி இறுகும். எச்.ஐ.வி.யின் உள்கூட்டுப் புரதத்தில் 10 அமினோ அமிலம் நீளத்தில் அப்படியொரு துண்டு உண்டு. தப்பிப்பதற்காக வைரஸ் அந்த ஆர்ஜினினை மாற்றினால் கூடே பலவீனமாகிறது, அதைச் சரிக்கட்ட இன்னொரு மாற்றமும் வேண்டும். பி27 உள்ளவர்களிடம் எய்ட்ஸ் மெதுவாக முற்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மாறன்: எச்.ஐ.வி. மனிதனிடம் வந்து நூறு வருடம் சொச்சம்தான். பி27 எவ்வளவோ பழையது!

கயல்: சரிதான், எச்.ஐ.வி. அதைக் காப்பாற்றியதாக நான் சொல்லவில்லை, பள்ளம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டினேன். ஆனால் டி.ஆர்.பி.1 என்ற இன்னொரு எச்.எல்.ஏ. மரபணுவின் சில கிளைகள் மனிதனும் சிம்பன்சியும் பிரிவதற்கு முன்பிருந்தே வருகின்றன. லட்சக்கணக்கான தலைமுறைகள் தற்செயலாகவா நிலைத்தன?

மாறன்: பன்மை அவ்வளவு நல்லதென்றால் எச்.எல்.ஏ.வின் ஏ, பி, சி மரபணுக்கள் மூன்றும் அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் சேர்த்து ஆறே வகை ஏன்? நூறு இருக்கலாமே?

ஆதிரை: இடையில் வருகிறேன். ஒவ்வொரு வகையும் உடலின் சொந்தத் துண்டுகளையும் ஏந்தி நிற்கும், அவற்றை இறுகப் பற்றுகிற டி செல்கள், அவை முதிர்கிற உறுப்பான தைமஸிலேயே கொல்லப்படும். வகை கூடக்கூட இழப்பும் கூடும் என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். அதனால் ஒருவர் கையில் கொஞ்சம், ஊர் மொத்தத்தில் ஆயிரக்கணக்கில்.

மாறன்: எச்.எல்.ஏ. மொத்தத்துக்கும் ஒப்புக்கொள்கிறேன். பி27-ஐ மட்டும் எந்தப் பழைய கிருமி காப்பாற்றியது என்று காட்டுங்கள், அதுவரை அந்த ஒன்றில் என் பதில் மாறாது.

கயல்: நியாயம்தான். அப்புறம் ஒன்று, பி27 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதேயில்லை. கெடுதல் அவ்வளவு குறைவு என்றால் அது உங்கள் வாதத்துக்கும் துணை, ஆனால் கெட்ட மரபணு என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள்.