புதுப்பிப்பு: ஒரு வருஷம் நின்று நீட் எழுதலாமா?

பிளஸ் டூ முடிச்சாச்சு, நீட் மார்க் பத்தல, ஒரு வருஷம் நின்று திரும்ப எழுதலாமா, கிடைச்ச பி.எஸ்சி.யில் சேரலாமா என்று கேட்டிருந்தேனே? நிற்கிறதுன்னு முடிவாகிடுச்சு. ஆனா வெறுங்கையோட இல்ல. கால்நடை மருத்துவத்துக்கும் விண்ணப்பிச்சிருக்கேன். அதுல மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்ல, பிளஸ் டூ மார்க்தான். அது கிடைச்சா சேர்ந்துடுவேன், நீட்டை விட்டுடுவேன். அம்மா போட்ட நிபந்தனை இது, நியாயமாத்தான் படுது.

மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, நீட்டை இரண்டாம் முறை எழுதுறவங்களுக்கும் உண்டான்னு பல பேர் கேட்டீங்க. உண்டு. ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும், அவ்வளவுதான். எட்டாவது வரை ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் படிச்சதால அங்கேயும் சான்று வாங்கப் போனேன். ஹெச்.எம். பீரோவிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, தூசியைத் தட்டி, விரலால வரிவரியா தேடினார். என் இனிஷியல் அதுல தப்பா இருந்தது! ஆதாரைக் காட்டி விளக்கி கையெழுத்து வாங்குறதுக்குள்ள மதியமாகிடுச்சு. உங்க பேர், இனிஷியல் எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கான்னு இப்பவே பாருங்க.

கோச்சிங் சேரல. விசாரிச்ச இடத்துல சொன்ன ஃபீஸைக் கேட்டு அப்பா டீயைக் கீழே வெச்சுட்டார். தமிழ்லயே எழுதப் போறேன். தப்பான விடைக்கு ஒரு மார்க் கழியும்ல, போன தடவை இயற்பியல்ல அப்படித்தான் நிறைய போச்சு. அதனால முதல்ல அதோட பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கப் போறேன். தமிழ் வழியில் எழுதி பாஸானவங்க யாராவது இருந்தா, எதை வெச்சுப் படிச்சீங்கன்னு சொல்லுங்க.