மாம்பழ ஜாம்: நறுக்கிய பழம் 3 கப் என்றால் எத்தனை கிராம்?

சத்துவாச்சாரியிலிருந்து:
வணக்கம். நேதாஜி மார்க்கெட்டில் 2 கிலோ பெங்களூரா வாங்கி வந்து நேற்று ஜாம் போட்டேன். குறிப்பு அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் எழுதி அனுப்பியது: நறுக்கிய மாம்பழம் 3 கப், சர்க்கரை 2 கப், எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன். என் கப்பில் 240 மி.லி. என்று போட்டிருக்கிறது. அதனால் 3 கப்புக்கு 720 கிராம் துண்டுகளைத் தராசில் நிறுத்துப் போட்டேன். சர்க்கரையைக் கப்பாலேயே அளந்தேன். முக்கால் மணி நேரம் கிண்டியும் இறுகவில்லை, ஆறின பிறகும் தோசை மாவு மாதிரி ஓடுகிறது. பிள்ளைகள் ஆசையாகக் காத்திருக்கிறார்கள். இதைக் காப்பாற்ற முடியுமா?

குடியாத்தத்திலிருந்து:
முடியும் அக்கா, கொட்டிவிடாதீர்கள். 240 மி.லி. 240 கிராம் ஆவது தண்ணீருக்குத்தான். துண்டுகளைக் கப்பில் போட்டால் நடுநடுவே காற்று நிற்கும். நறுக்கிய மாம்பழம் ஒரு கப் சுமார் 165 கிராம்தான், 3 கப்புக்கு 495. நீங்கள் போட்டது ஏறக்குறைய நாலரை கப். அத்தனை பழத்துக்கு 2 கப் சர்க்கரை, அதாவது 400 கிராம், போதாது. இன்னும் 180 கிராம் சேருங்கள். ஒரு கப்பில் 2 டேபிள்ஸ்பூன் குறைத்தால் சரியாக இருக்கும். எலுமிச்சைச் சாறு இன்னும் ஒரு டேபிள்ஸ்பூன். சர்க்கரை கரைந்ததும் தீயைக் கூட்டி, அகலமான பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள்.

குறிப்பில் நறுக்கியதா, மசித்ததா என்பதை எப்போதும் பாருங்கள். வாழைப்பழம் வட்டமாக நறுக்கினால் கப்புக்கு 150 கிராம், மசித்தால் 225. கேக் போடும்போது இந்த வித்தியாசம் மாவையே கெடுத்துவிடும்.

காட்பாடியிலிருந்து:
எங்கள் அம்மா பழத்தையும் சர்க்கரையையும் ஒரே ஆழாக்கால்தான் அளப்பார். பாத்திரம் ஒன்றாக இருந்தால் கிராம் கணக்கே தேவைப்படாது. ஒன்றைக் கப்பாலும் மற்றதைத் தராசாலும் அளந்ததுதான் இங்கே கோளாறு.

ஆற்காட்டிலிருந்து:
தராசே இல்லாத வீட்டில் என்ன செய்வது?

குடியாத்தத்திலிருந்து:
கோடு போட்ட அளவு ஜாடியில் 500 மி.லி. தண்ணீர் ஊற்றி, பழத்தைப் போடுங்கள். மாம்பழம், திராட்சை மூழ்கும், எத்தனை மி.லி. ஏறுகிறதோ ஏறக்குறைய அத்தனை கிராம், ஒரு துளி கூடவே இருக்கும். ஆப்பிள் மிதக்கும். அதைக் கையால் அமுக்காதீர்கள்! மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரைத்தான் ஒதுக்கும். அதனால் சும்மா மிதக்க விட்டாலே ஏறிய மி.லி. கிராமாக அப்படியே பொருந்தும். அமுக்கினால் கணக்கு ஏறிவிடும்.

சத்துவாச்சாரியிலிருந்து:
சொன்னபடியே செய்தேன் தம்பி. பதினைந்து நிமிடம் கொதித்ததும், ஃப்ரிட்ஜில் வைத்திருந்த எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழுத்தேன். கோடு மூடாமல் அப்படியே நின்றது. ரொம்ப நன்றி. என் துண்டுகளையும் ஒரு கப் நிறுத்துப் பார்த்தேன், 172 கிராம். கொஞ்சம் பொடியாக நறுக்கியிருந்தேன். 2 கிலோவில் தோலும் கொட்டையும் போகக் கிடைத்தது 1,260 கிராம். மீதி 540 கிராமை நாளைக்குப் போடப் போகிறேன், சர்க்கரையையும் இந்த முறை தராசிலேயே நிறுத்து.