இயக்க உராய்வுக் குணகம் மட்டும் ஒத்து வரவில்லை, உதவுங்கள்

வணக்கம். சேலத்தில் பதினோராம் வகுப்புச் செய்முறைக்காக 250 கிராம் மரக்கட்டையைத் தேக்குப் பலகையில் வைத்து உராய்வுக் குணகத்தை (உராய்வு விசையை, கட்டைக்கும் பலகைக்கும் இடையிலான செங்குத்து விசையால் வகுத்தால் வரும் எண்) அளக்கிறோம். எடை 2.45 நியூட்டன்.

ஓய்வுநிலை உராய்வில், அதாவது கட்டை நகரத் தொடங்கும் முன் இருப்பதில், சிக்கல் இல்லை. பலகையை மெல்லச் சாய்த்தால் 22 டிகிரியில் நழுவுகிறது. நழுவும் கோணத்தின் டேன் மதிப்பே குணகம்; டேன் 22 என்பது 0.40. கிடைமட்டத்தில் ஸ்பிரிங் தராசால் இழுத்தால், நகர்வதற்குச் சற்று முன் முள் தொடும் உச்சம் 1.0 நியூட்டன், அதாவது 0.41. நூல் பலகைக்கு இணையாக இருக்க வேண்டும். மேல்நோக்கி ஏறினால் செங்குத்து விசை குறைந்து கணக்கே கெட்டுவிடும்.

கட்டை நழுவும்போது உள்ள இயக்க உராய்வுதான் இடிக்கிறது. கட்டையைக் கையால் இழுத்தால் முள் 0.7 நியூட்டனுக்கும் 0.95க்கும் நடுவே ஆடுகிறது. தராசை ஆணியில் மாட்டிவிட்டு, அடியில் உள்ள பலகையை இழுத்தால் 0.86இல் நிற்கிறது. கட்டை அசைவதில்லை, ஆகவே இழுக்கும் வேகம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. இதில் குணகம் 0.35.

இன்னொரு முறையில், 25 டிகிரி சரிவில் கட்டை ஓய்விலிருந்து 80 செ.மீ. நழுவ 1.1 நொடி ஆகிறது. முடுக்கம் 1.32 மீ/நொடி². அதை 9.8 × கொசைன் 25 ஆல் வகுத்து, டேன் 25இலிருந்து கழித்தால் 0.32தான். நேரம் 0.1 நொடி பிசகினாலே விடை 0.29 முதல் 0.34 வரை ஓடுகிறது.

செல்போன் ஸ்லோமோஷன் வீடியோவில் நேரம் எடுத்தவர்கள் உண்டா? தொடக்கப் படத்தை எப்படித் தீர்மானிக்கிறீர்கள்? இன்னொன்று: ஏற்காட்டில் மூடுபனி நாளில் இதே கட்டை 26 டிகிரி வரை நழுவவில்லை. மரத்தில் ஏறிய ஈரம் என்றே நினைக்கிறோம். மலையில் ஆய்வகம் நடத்துபவர்கள் பலகையை எப்படிப் பாதுகாக்கிறீர்கள், சொல்லுங்களேன்.