புதுப்பிப்பு: விதித் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கை எதிலிருந்து எண்ணுவது?

இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன்: எங்கள் தொழில்முறைச் சங்கப் பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் 48 பேர், துணைவிதித் திருத்தத்துக்கு ஆதரவு 30, எதிர்ப்பு 10, வாக்களிக்காதவர்கள் 8, இது நிறைவேறியதா இல்லையா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"விதியில் இருக்கும் வார்த்தையை அப்படியே படியுங்கள்" என்றவரின் யோசனைதான் கைகொடுத்தது. 'வந்திருந்தவர்களில்' என்று இருந்தால் 48-க்கு 32 வேண்டும், அதாவது சும்மா உட்கார்ந்திருப்பதே எதிர்த்து வாக்களித்த மாதிரி ஆகிவிடும். 'வந்திருந்து வாக்களித்தவர்களில்' என்றால் கணக்கு 40-க்குத்தான், 27 போதும். எங்கள் விதியில் இரண்டாவது வாசகம். அப்பாடா என்றிருந்தது.

ஆனால் அதற்கு அடுத்த வரியை அதுவரை யாருமே கவனிக்கவில்லை! திருத்த வாசகத்தை 21 நாள் முன்பே அறிவிப்போடு அனுப்ப வேண்டுமாம். நாங்கள் அனுப்பிய அறிவிப்பில் 'விதித் திருத்தம்' என்ற இரண்டே சொல். தீர்மானம் செல்லாது என்று தலைவர் அறிவித்தார், அது சரியான முடிவுதான். அப்புறம் பழைய வாசகத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு அனுப்பி, மறுபடி கூட்டம் போட்டோம். ஆதரவு 36, எதிர்ப்பு 7. இந்த முறை வாக்களிக்காமல் இருந்தவர்கள் இரண்டே பேர்.