தோட்டத்துப் பிள்ளை ஏன் வளரவில்லை: வறுமையா, இனப்பாகுபாடா?

ஹட்டன்காரன்:
இலங்கையின் 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வில் வயதுக்கேற்ற உயரமில்லாத சிறு பிள்ளைகள் நாட்டில் 17 வீதம், தேயிலை முதலிய தோட்டங்களில் 32 வீதம். இதற்குக் காரணம் இனப்பாகுபாடுதான் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து எல்லாருக்கும் இலவசம். சம்பளம் போதாது, ரோடு மோசம், அப்புறம் குடிப்பழக்கம். பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலும் இதே கஷ்டம் இருக்கிறது.

பதுளை மலர்:
அண்ணே, சம்பளம் ஏன் போதவில்லை, ரோடு ஏன் மோசம்? 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. வோட்டே இல்லாத லயத்துக்கு, நாம் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, எந்த எம்.பி. ரோடு போடுவார்? ஊரெல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரி வளர்ந்த காலத்தில் நம் வைத்தியம் தோட்டத்தை நடத்தும் துரையின் கையில் கிடந்தது. நாடற்றவர்களாகவே மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை தர 2003இல்தான் சட்டம் வந்தது. அந்த வறுமை தானாக வந்ததில்லை.

என் அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. கிளினிக்கில் மாத்திரையை எப்படிப் போடுவது என்று சிங்களத்தில் சொன்னார்கள். அம்மா தலையாட்டிவிட்டு வந்தார். காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போனவர், கொழுந்து பறிக்கும் மலையிலேயே மயங்கி விழுந்தார். இப்போது தங்கச்சிதான் மாத்திரை உறையில் பேனாவால் ஒரு சோற்றுத் தட்டு வரைந்து கொடுக்கிறாள். தமிழ் அரசகரும மொழியாகி எத்தனை வருஷம்? 1987இலேயே ஆகிவிட்டது.

ஹட்டன்காரன்:
அம்மாவுக்கு நடந்தது பெரிய தப்பு, தங்கச்சி. ஆனால் அது ஆள் பற்றாக்குறை, வெறுப்பு இல்லை. என் மகன் காய்ச்சலில் கிடந்தபோது விடிய விடியப் பக்கத்தில் நின்றவர் ஒரு சிங்கள டாக்டர். அவரை எப்படி நான் இனவாதி என்பேன்?

கொழுந்துக்கூடை:
அவரை யாரும் அப்படிச் சொல்லவில்லையே. நல்ல டாக்டர் வார்டில் இருக்கலாம், அந்த வார்டுக்கு வந்து சேர்வதே நமக்குப் பெரிய பாடு. கிளினிக்குக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது, நாள் சம்பளம் போய்விடும். அதனால் மாசமாயிருக்கிற பிள்ளைகள்கூட நாளைத் தள்ளிப்போடுகிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையான காம்பராவில் விறகுப் புகைக்கு நடுவில் இருமுகிற குழந்தைக்கு டாக்டர் மருந்து தருவார், திரும்ப அதே காம்பராவுக்குத்தானே தூக்கிப்போக வேண்டும்?

ஹட்டன்காரன்:
மொழி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் குடியையும் 1948இன் தலையில் கட்டாதீர்கள், அதில் நமக்கும் பங்கிருக்கிறது.

பதுளை மலர்:
கட்டவில்லை அண்ணே. கிளினிக் நாளுக்குப் பேர் போட வேண்டும், மருந்து உறையில் தமிழ் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் கேட்டு எழுதப்போகிறேன். நீங்களும் கையெழுத்துப் போடுவீர்களா?